பாக்டீரியா நிறமிகள்: வேறு வேலைக்கு வந்த நொதிகள் நிறம் தந்த கதை

மண்ணில் வாழும் சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியா நாஃப்தலீனைச் சிதைத்து, அதையே உணவாக்கிக்கொள்ளும். நாஃப்தலீன் என்றால் பீரோவில் துணிகளுக்கு நடுவே போட்டு வைக்கிற அந்துருண்டை. அந்தச் சிதைவுக்குக் காரணமான மரபணுக்களை ஆராய்ந்த ஓர் அமெரிக்கக் குழு, அவற்றை வெட்டியெடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தது. 1983-ல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்தது யாரும் தேடிப் போகாத ஒன்று. வளர்தட்டில் ஈ.கோலை நீலமாக வளர்ந்தது. சோதித்துப் பார்த்தால் அது இண்டிகோ, அவுரிச் செடியிலிருந்து காலங்காலமாக எடுக்கப்பட்டுவரும் அதே நீலச் சாயம்.

நடந்தது இதுதான். ஈ.கோலை தன் வழக்கப்படி டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் என்ற பொருளை வெளியிடும். புதிதாக வைத்த மரபணுக்களிலிருந்து வந்த நொதியின், அதாவது வேதிவினையை நடத்தும் புரதத்தின், வேலை நாஃப்தலீனில் ஆக்ஸிஜனைச் சேர்ப்பது. இண்டோலின் வளைய அமைப்பு நாஃப்தலீனோடு ஓரளவு ஒத்துப்போவதால், அந்த நொதி இண்டோலிலும் ஆக்ஸிஜனை ஏற்றிவிட்டது. அதற்குமேல் நொதியே தேவைப்படவில்லை. அந்தப் பொருள் தானாகவே நீரை இழந்து இண்டாக்சிலாக மாறி, காற்றுப் பட்டதும் இரண்டிரண்டாக இணைந்து இண்டிகோ ஆனது.

பாக்டீரியாவின் நிறமிப் பாதைகள் எப்படி உருவாகியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். ஒரு நொதி தனக்கென்று விதிக்கப்பட்ட ஒரே பொருளை மட்டும் பிடிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் பல நொதிகள் அவ்வளவு கறார் இல்லை. சாயல் ஒத்துப்போனால் வேறு பொருளையும் தொட்டுப் பார்க்கும். அப்படித் தற்செயலாகப் பிறக்கும் பொருள் அந்த உயிருக்குச் சிறிதளவு உதவினாலும் போதும், இயற்கைத் தேர்வு அதைப் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியா உலகின் சிவப்பும் ஊதாவும் மஞ்சளும் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். செல்லில் ஏற்கெனவே இருந்த அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் போன்றவற்றின் பாதைகளிலிருந்து கடன் வாங்கிய நொதிகள் அவற்றை உருவாக்குகின்றன.

சரி, ஒரு மூலக்கூறுக்கு நிறம் எப்போது வருகிறது? கார்பன் அணுக்களுக்கு நடுவே ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, மறுபடி ஒற்றை, மறுபடி இரட்டை என்று மாறி மாறி வரும் சங்கிலி இருந்தால், அங்குள்ள எலெக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவி நிற்கும். சங்கிலி நீள நீள, அந்த எலெக்ட்ரான்களைக் கிளப்பத் தேவையான ஆற்றல் குறையும். குட்டைச் சங்கிலி புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும், அதனால் நம் கண்ணுக்கு அது நிறமற்றது. நீண்ட சங்கிலி கண்ணுக்குத் தெரியும் ஒளியையே உறிஞ்சத் தொடங்கும். 40 கார்பன் கொண்ட ஃபைட்டோயீனில் இப்படி அடுத்தடுத்து வரும் இரட்டைப் பிணைப்புகள் மூன்றுதான், அதற்கு நிறமில்லை. அதிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றிக்கொண்டே போனால் எண்ணிக்கை ஏழாகும்போது இளமஞ்சள் வரும், 11 ஆகும்போது லைக்கோபீன், அதாவது தக்காளியின் சிவப்பு.

இந்த எலெக்ட்ரான் அமைப்பு நிறத்தோடு நின்றுவிடுவதில்லை. எலெக்ட்ரானை வாங்கவும் கொடுக்கவும் இது வசதியானது. செல்லைக் குலைக்கும் ஆக்ஸிஜன் தீவிரிகளை அடக்கவும் இது உதவும். ஒளிச்சேர்க்கை நிறமிகளில் ஒளியை உறிஞ்சுவதே வேலை. மற்றவற்றில் பெரும்பாலும் இந்த வேதிக் குணம்தான் பாக்டீரியாவுக்கு லாபம், நிறம் கூடவே வருவது. சூடோமோனாஸ் ஏரூஜினோசா இதற்குத் தெளிவான சான்று. காயத்துக் கட்டுத்துணியில் நீலப்பச்சைச் சீழ் படிவதற்குக் காரணமான பாக்டீரியா இது என்று 1882-ல் பிரான்சில் கார்ல் கெசார் பிரித்தெடுத்துக் காட்டினார். அந்த நீலம் பையோசயனின். எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டால் அதன் நிறம் போய்விடும், ஆக்ஸிஜனிடம் கொடுத்துவிட்டால் நீலம் திரும்பிவரும். ஆக்ஸிஜன் எட்டாத அடர்ந்த பாக்டீரியாப் படலத்தின் அடியில் இருக்கும் செல்கள், தங்களிடம் தேங்கிய எலெக்ட்ரான்களை இதன் மூலம் வெளியே அனுப்பி உயிர் வாழ்கின்றன. அதன் மூலப்பொருளான கோரிஸ்மேட், பெரும்பாலான பாக்டீரியாக்கள் சில அமினோ அமிலங்களைச் செய்யப் பயன்படுத்தும் சாதாரணப் பொருள். புதிதாகச் சேர்ந்தவை சில நொதிகள் மட்டுமே.

பரிணாமத்தின் தடத்தை மிகத் துல்லியமாகக் காட்டும் நிறமி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வயலசீனைத் தேர்ந்தெடுப்பேன். வெப்பமண்டல மண்ணிலும் நீரிலும் வாழும் குரோமோபாக்டீரியம் வயலேசியம் தயாரிக்கும் அடர் ஊதா அது. ஏ, பி, சி, டி, ஈ என்று பெயரிடப்பட்ட ஐந்து மரபணுக்கள் போதும், இரண்டு டிரிப்டோஃபான் மூலக்கூறுகள் ஒரு ஊதா மூலக்கூறாகிவிடும். ஏ நொதி டிரிப்டோஃபானை ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. பி நொதி அப்படி மாறிய இரண்டை ஒட்டுகிறது. அந்த ஒட்டுப்பொருள் நிலையற்றது. ஈ நொதி உடனே தலையிட்டு, ஒரு இண்டோல் வளையத்தை இருக்கும் கார்பனிலிருந்து பக்கத்துக் கார்பனுக்கு நகர்த்துகிறது. பிறகு டி-யும் சி-யும் ஆளுக்கொரு இடத்தில் ஆக்ஸிஜனைச் சேர்த்து முடிக்கின்றன. டி அல்லது சி இல்லாமல் போனாலும் பாதை நிற்காது, ஊதாவுக்குப் பதில் பச்சையோ இளஞ்சிவப்போ கிடைக்கும்.

இங்கே ஈ நொதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சுவாரசியம். அந்த நிலையற்ற பொருள் தானாகவே வேறு வழியில் போய் குரோமோபைரோலிக் அமிலமாகிவிடும். இந்த அமிலம் ஆய்வாளர்களுக்கு முன்பே அறிமுகமானது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைகளும் அவற்றின் உறவினங்களும் ஸ்டாரோஸ்போரின், ரெபெக்காமைசின் என்ற பொருட்களைத் தயாரிக்கும் வழியில் இதே அமிலத்தையோ குளோரின் சேர்ந்த அதன் வடிவத்தையோதான் கடக்கின்றன. அங்கே முதல் இரண்டு படிகளைச் செய்யும் நொதிகள், வயலசீனின் ஏ, பி நொதிகளுக்குப் பங்காளிகள். அவற்றின் அமினோ அமில வரிசையே அதைச் சொல்கிறது. ஆக, பாதையின் முதல் பாதி பொதுச் சொத்து. ஈ நொதி வந்து சேர்ந்த இடத்தில் பாதை கிளை பிரிந்திருக்கிறது. ஒரு கிளையில் ஊதா நிறமி. மறு கிளையில் ஸ்டாரோஸ்போரின், 1977-ல் ஜப்பானில் சதோஷி ஓமுராவின் குழு கண்டெடுத்தது. அதிலிருந்து உருவாக்கிய மிடோஸ்டாரின் 2017-ல் அமெரிக்காவில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது.

அந்த ஈ நொதி எங்கிருந்து வந்தது? 2008-ல் அதன் முப்பரிமாண வடிவம் வெளியானபோது ஒரு தடயம் கிடைத்தது. அதன் மடிப்பு, பாக்டீரியாவின் சவ்வுகளுக்கு இடையே கொழுப்புப் புரதங்களைத் தூக்கிச் செல்லும் புரதங்களின் மடிப்பைப் போல இருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள பொருளைப் பொதிந்து வைக்க ஏற்ற ஒரு பள்ளம் அதில் உண்டு. சுமை தூக்கும் புரதங்களுக்கு இருக்கும் அதே கட்டமைப்பில், உள்ளே வந்த மூலக்கூறைச் சரியான கோணத்தில் பிடித்து வைத்து வினையைத் திசை திருப்பும் ஒரு நொதி உருவாகியிருக்கிறது. அதற்கு உலோகம் வேண்டாம், துணைக்கு எந்த வைட்டமினும் வேண்டாம். பரிணாமம் கையிலிருப்பதை வைத்துத்தான் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட அழகான ஆதாரம் எனக்குத் தெரியாது.

வயலசீன் பூஞ்சைகளையும் பிற நுண்ணுயிர்களையும் தடுக்கும். ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்ற இன்னொரு பாக்டீரியாவும் இதைத் தயாரிக்கிறது. உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சைக்கு எதிராக, கலிஃபோர்னியாவின் மலைத் தவளைகளின் தோலில் இந்த பாக்டீரியாவைச் சேர்த்துச் சோதித்த ஆய்வு 2009-ல் வெளியானது. சேர்க்கப்பட்ட தவளைகள் நோயிலிருந்து தப்பின.

அடுத்து சிவப்பு. 1819-ல் இத்தாலியின் பதுவா நகருக்கு அருகே லெக்னாரோ என்ற ஊரில் மக்காச்சோளக் களி ரத்தம் போலச் சிவந்தது. ஊரே பயந்துபோனது. பார்த்தலோமியோ பிசியோ என்ற மருந்தியலாளர் அதை ஆராய்ந்து, காரணம் ஒரு நுண்ணுயிர் என்று சொல்லி, அதற்கு செராஷியா என்று பெயரிட்டார். அது தயாரிக்கும் சிவப்பு புரோடிஜியோசின். பைரோல் என்ற, நைட்ரஜன் கொண்ட வளையங்கள் மூன்று கோத்த சிறிய மூலக்கூறு. எளிதில் கண்ணில் படும் இந்தச் சிவப்பை நம்பி, அமெரிக்கக் கடற்படை 1950-ல் சான் ஃபிரான்சிஸ்கோ கடற்கரையில் செராஷியாவைத் தெளித்து, கிருமி ஆயுதம் காற்றில் எப்படிப் பரவும் என்று மக்களுக்குத் தெரியாமலே சோதித்தது. அதற்குப் பிறகு அந்நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேருக்குச் செராஷியா தொற்று ஏற்பட்டு ஒருவர் இறந்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் நிறம் அழகாகத் தெரிகிறது என்பதற்காக ஓர் உயிரை ஆபத்தில்லாதது என்று எடுத்துக்கொண்டது பெரிய தவறு. நோயாளிகளிடமிருந்து கிடைக்கும் செராஷியா பெரும்பாலும் நிறமற்றது. சிவப்பு வகைகளும் 37 டிகிரி வெப்பத்தில், அதாவது நம் உடல் சூட்டில், பொதுவாக நிறமியைத் தயாரிப்பதில்லை.

புரோடிஜியோசின் இரண்டு பாதிகளாகத் தயாராகிறது. இரட்டை வளையம் கொண்ட பாதி ஒரு வரிசையில், ஒற்றை வளையப் பாதி இன்னொரு வரிசையில். கடைசியில் ஒரு நொதி இரண்டையும் இணைக்கும். இரட்டை வளையத்துக்கு அடிப்படை புரோலின் என்ற அமினோ அமிலம், ஒற்றை வளையத்துக்குக் கொழுப்பு அமிலத்தின் உடைசல். இப்போது செராஷியாவுக்கு மிக மிகத் தூரத்து உறவான ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரைப் பார்ப்போம். அதுவும் இதே குடும்பத்துச் சிவப்பு நிறமியைத் தயாரிக்கிறது. இரட்டை வளையப் பாதியை அது செய்யும் விதமும் செராஷியா செய்யும் விதமும் ஒன்று. ஒற்றை வளையப் பாதியோ முற்றிலும் வேறு நொதிகளால், வேறு வழியில் வருகிறது. கடலில் வாழும் சூடோஆல்டிரோமோனாஸ் டுனிகேட்டா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதே இரட்டை வளையத்தை எடுத்து, மூன்றாவது வளையத்துக்குப் பதிலாக ஒரு கொழுப்புச் சங்கிலியை மாட்டி டாம்ப்ஜமைன் என்ற மஞ்சள் நிறமியைச் செய்கிறது. இணைக்கும் நொதியும் செராஷியாவின் நொதிக்கு உறவு.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு நிறமிப் பாதை முழுவதுக்கும் ஒரே வயது இல்லை என்பது புரிகிறது. ஒரு பாதி பழையது, பலரிடம் உள்ளது. இன்னொரு பாதி அந்தந்த வம்சத்தில் தனியாகச் சேர்ந்தது. இந்த நிறமி எப்போது தோன்றியது என்று கேட்பதைவிட, இதன் எந்தத் துண்டு எப்போது சேர்ந்தது என்று கேட்பதே பொருத்தமான கேள்வி.

மேலே பார்த்த லைக்கோபீன் போன்ற நீண்ட சங்கிலி நிறமிகளுக்குக் கரோட்டினாய்டுகள் என்று பெயர். அவற்றில் இந்தக் கதை மனித உடல் வரைக்கும் வருகிறது. தோலிலும் மூக்கிலும் குடியிருந்து, சமயம் பார்த்துச் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தங்க நிறமாக வளரும். 1884-ல் ஜெர்மனியின் ரோசன்பாக் தங்க நிற வகையையும் வெள்ளை வகையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். அந்தத் தங்க நிறமி ஸ்டாஃபிலோசாந்தின். நம் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கி, ஆக்ஸிஜன் தீவிரிகளைக் கொட்டிக் கொல்லப் பார்க்கும்போது இந்த நிறமி அவற்றை உறிஞ்சிக் கிருமியைக் காப்பாற்றுகிறது என்று 2005-ல் எலிகளில் காட்டப்பட்டது. நிறமியில்லாத வகை எளிதில் செத்தது.

அதன் முதல் படியில், 15 கார்பன் கொண்ட ஃபார்னெசில் டைஃபாஸ்ஃபேட் இரண்டை ஒரு நொதி முதுகோடு முதுகாக ஒட்டி 30 கார்பன் சங்கிலியாக்குகிறது. இதே மூலப்பொருளை, ஏறக்குறைய இதே விதத்தில் ஒட்டும் நொதி நம் கல்லீரலிலும் இருக்கிறது. அது ஸ்குவாலீனைத் தருகிறது, அதிலிருந்து கொலஸ்ட்ரால் வருகிறது. இரண்டு நொதிகளும் ஒரே மூதாதையின் வாரிசுகள். வடிவம் அவ்வளவு ஒத்துப்போவதால் ஒரு குழு துணிந்து ஒன்றைச் சோதித்தது. கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக முன்பு உருவாக்கப்பட்ட ஒரு மருந்துப்பொருளை ஸ்டாஃபிலோகாக்கஸுக்குக் கொடுத்தார்கள். தங்கம் வெளுத்தது. எலிகளில் தொற்றும் தணிந்தது. 2008-ல் வெளியான இந்த முடிவு, பரிணாம உறவைத் தெரிந்துகொள்வது மருத்துவத்துக்கு எவ்வளவு நேரடியாக உதவும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம்.

பெரும்பாலான கரோட்டினாய்டுகளில் 30 கார்பன் இல்லை, 40. அந்தத் தாவல் பெரியதா? அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் ஆர்னால்டின் ஆய்வகம் 2002-ல் இதைப் பரிசோதனையாகவே செய்து பார்த்தது. அதே ஸ்டாஃபிலோகாக்கஸ் நொதியில் 26-வது இடத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால், அது 20 கார்பன் துண்டுகளை ஏற்று 40 கார்பன் சங்கிலி தயாரிக்கத் தொடங்கியது. இயற்கையில் இப்படித்தான் நடந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இவ்வளவு சிறிய மாற்றத்தில் இது சாத்தியம் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இந்த மாதிரி நொதிகளை வளர்த்தெடுக்கும் முறைக்காக ஆர்னால்டு 2018-ல் வேதியியல் நோபல் பெற்றார்.

அடுத்த படியிலும் ஒரு பிரிவு உண்டு. நிறமற்ற ஃபைட்டோயீனைச் சிவப்பு லைக்கோபீனாக்க, பல பாக்டீரியாக்கள் ஒரே நொதியை வைத்திருக்கின்றன. சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சை பாக்டீரியாக்களும் அவற்றிடமிருந்து பசுங்கணிகத்தைப் பெற்ற தாவரங்களும் அதே வேலையை நான்கு நொதிகளிடம் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. 2000-ல் பொன்னரிசியை, அதாவது கரோட்டினாய்டு சேர்ந்த மஞ்சள் அரிசியை, உருவாக்கியவர்கள் நெல்லுக்குள் அந்த நான்கையும் திணிக்காமல், எர்வினியா என்ற பாக்டீரியாவிலிருந்து அந்த ஒற்றை நொதியின் மரபணுவை எடுத்து வைத்தது இதனால்தான்.

நெல் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் வயல்களில் பாக்டீரியா இலைக்கருகல் நோயைக் கொண்டுவரும் சாந்தோமோனாஸ் ஒரைசே மஞ்சள் நிறமானது. அந்த மஞ்சள் கரோட்டினாய்டு இல்லை. கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதிகளின் உறவினங்கள் கட்டிய அரைல் பாலியீன் என்ற வகை. கொழுப்பு அமிலத் தயாரிப்பில் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டைப் பிணைப்பு நீக்கப்படும். இங்கே அந்தப் படி விடுபட்டு, இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக நிற்கின்றன, மஞ்சள் வந்துவிடுகிறது. சந்ததி வேறு, மூலப்பொருள் வேறு, ஆனால் வேலை கரோட்டினாய்டின் வேலையேதான். இலைமேல் வெயிலில் வாழும் பாக்டீரியாவை ஒளியின் தாக்குதலிலிருந்து அது காக்கிறது. 2014-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாக்டீரியா மரபணுத் தொகுதிகளைக் கணினியில் அலசியபோது, இந்த அரைல் பாலியீன் மரபணுக் கொத்துகள்தான் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்றாக வெளிப்பட்டன. அதுவரை யாரும் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

மரபணுக் கொத்து என்று சொன்னேன். ஒரு நிறமிக்குத் தேவையான மரபணுக்கள் பாக்டீரியாவில் பெரும்பாலும் அடுத்தடுத்து வரிசையாக இருக்கும். அதனால் மொத்தமாக இன்னொரு இனத்துக்குத் தாவ முடியும். கோபி பாலைவனத்து ஏரி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்து 2014-ல் அறிவிக்கப்பட்ட ஜெம்மாட்டிமோனாஸ் என்ற பாக்டீரியாவிடம், ஒளிச்சேர்க்கைக்கான முழுக் கொத்தும், 40,000-க்கும் மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துகளோடு, இருந்தது. அது சேர்ந்த பாக்டீரியாப் பிரிவில் வேறு யாரும் ஒளிச்சேர்க்கை செய்வதாக அதுவரை தெரியாது. மரபணுக்களை ஒப்பிட்டபோது, புரோட்டியோபாக்டீரியா என்ற வேறு பிரிவிலிருந்து மொத்தமாக வந்தது என்பது தெளிவானது. பூச்சிகளுக்கும் இது நடந்திருக்கிறது. பட்டாணி அசுவினி சிவப்பாக இருப்பதற்குக் காரணமான கரோட்டினாய்டு மரபணுக்கள் பூஞ்சையிலிருந்து வந்தவை என்று 2010-ல் தெரியவந்தது. ஆனால் கொத்து கைக்கு வந்தால் மட்டும் போதாது. நிறமி தயாரிக்கச் செலவு அதிகம். குரோமோபாக்டீரியம் தன்னைச் சுற்றி எத்தனை செல்கள் இருக்கின்றன என்று சமிக்ஞை மூலக்கூறுகளை வைத்துக் கணித்து, கூட்டம் சேர்ந்த பிறகே வயலசீனைத் தொடங்கும். இந்தக் கட்டுப்பாடும் கூடவே பரிணமிக்க வேண்டும்.

மிச்சமிருப்பது எல்லாவற்றிலும் பெரிய நிறமி, பச்சையம். அதன் தயாரிப்பில் கடைசிக்கு முந்திய கட்டத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பை நீக்க வேண்டும். இதற்கு இயற்கையில் இரண்டு நொதிகள் உண்டு. பழைய நொதி இருட்டிலும் வேலை செய்யும். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதிக்கு அது நெருங்கிய உறவு, அதைப் போலவே ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்ஸிஜன் இல்லாத உலகில் உருவானதன் அடையாளம் அது. புதிய நொதிக்கு ஆக்ஸிஜன் பிரச்சினை இல்லை, ஆனால் ஒளி பட்டால்தான் இயங்கும். பூக்கும் தாவரங்கள் பழையதைத் தொலைத்துவிட்டு இதை மட்டும் வைத்திருக்கின்றன. முளைப்பாரியை இருட்டறையில் வளர்த்தால் வெளிர்மஞ்சளாக எழுவதற்குக் காரணம் இதுதான்.

சயனோபாக்டீரியாவின் பச்சையமா, ஊதா பாக்டீரியாக்களின் பாக்டீரியப் பச்சையமா, எது முதலில் வந்தது? 1965-ல் உயிர்வேதியியலாளர் சாம் கிரானிக், தயாரிப்புப் பாதையில் முன்னால் வரும் பொருள்தான் பரிணாமத்திலும் முன்னால் வந்திருக்கும் என்று வாதிட்டார். பாக்டீரியப் பச்சையத்துக்குக் கூடுதல் படி தேவை என்பதால் அவர் கணக்கில் அது பிந்தியது. 2000-ல் மரபணு வரிசைகளை ஒப்பிட்ட ஒரு குழு இதைத் தலைகீழாக்கி, பாக்டீரியப் பச்சையமே மூத்தது என்றது. அந்தக் கூடுதல் படியைச் செய்யும் நொதியும் நைட்ரஜனேஸ் குடும்பமே என்பதால், மரபணுக்களில் எது எதன் நகல் என்று பிரிப்பது கடினம். நான் மரபணுச் சான்றின் பக்கம் சாய்கிறேன். பாதையின் வரிசை காலத்தின் வரிசையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை மேலே பார்த்த புரோடிஜியோசினே காட்டிவிட்டது.

பாறைகளும் இதில் ஓரளவுக்குத்தான் உதவும். வடக்கு ஆஸ்திரேலியாவின் பார்னி கிரீக் பாறைகளில், ஊதா மற்றும் பச்சை கந்தக பாக்டீரியாக்களின் கரோட்டினாய்டுகள் விட்டுச்சென்ற எச்சம் 164 கோடி ஆண்டுகள் பழையது. மொரிட்டானியாவின் தௌதெனி படுகையில் கிடைத்து 2018-ல் அறிவிக்கப்பட்ட, பச்சையத்தின் சிதைவான இளஞ்சிவப்புப் போர்ஃபைரின்கள் 110 கோடி ஆண்டுகள் பழையவை. பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் ஏறத் தொடங்கியதோ ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கு முன்பே பச்சையம் இருந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நடந்ததைப் படிக்க, இன்றைய பாக்டீரியாக்களின் மரபணுக்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே ஆய்வாளர்களுக்கு முக்கிய வழி.